முப்பதில் ஒரு பங்கு

ஒருவனுடைய ஏக்கத்தை முப்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று இன்பமலர் மேடம் விளக்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் லாரி வந்துவிட்டது. எட்டாம் பிளாக்கின் வாசலில் விரித்திருந்த ஜமுக்காளம் ஒரு நிமிடத்தில் பாதி காலியானது. குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டவர்கள் மிகச் சிலர். நான் கேட்டேன். அன்று எனக்குத் தண்ணீர் முறை இல்லை.

"ஒருத்தருக்கு ஒரு பட்டைதான். ரெண்டாவது கட்டவே கூடாது."

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததையெல்லாம் தெரியாமல் செய்தோம் என்று எழுதினால் என் பங்குக்கு அது பொய்.

ஏரிமுனைக் குடியிருப்பில் இருபது பிளாக்குகள். ஏரியைத் தூர்த்துக் கட்டியவை. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கிப் பதினோரு வருஷமாகிறது. பெரியவர்கள் விடியும்போதே பஸ் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். அந்தப் பகல்களுக்குள் எப்படியோ அது வந்து சேர்ந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்கிற சிறு மாத்திரை. பையன்கள் அதற்கு மாதம் ஒரு பெயர் வைத்தார்கள். நாங்கள் 'அது' என்றோம்.

இரண்டாம் மாடி அமுலுவின் மகன் ரூபனுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டான். மூன்று வாரப் பழக்கம்தான், ஆனால் வேர் பிடித்துவிட்டது என்றார்கள். இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, சீர்திருத்த இல்லம். ஐந்தாம் பிளாக்கின் ஜோயல் அங்கே போய் ஏழு மாதம் கழித்துத் திரும்பியிருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். உட்கார் என்றால் உட்காருவான். எழுந்திருக்கச் சொல்ல மறந்துவிட்டால் விளக்கு வைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான். இன்னொன்று, இன்பமலர் மேடம் கொண்டுவந்திருந்த அரவணைப்புத் திட்டம்.

"அவன் காதுக்குப் பின்னாடி ஒரு சில்லு வெப்போம்" என்றார் அவர். "ஏக்கம் கிளம்புறப்போ அது படிச்சுடும். படிச்சதை முப்பதா வகுத்து உங்க பட்டைக்கு அனுப்பும். உங்ககிட்ட வந்த அளவுக்கு அவன்கிட்ட குறையும்."

"எங்கம்மாவே எனக்குன்னு ஒரு பங்கும் வெச்சுட்டுப் போவல" என்றார் லோகநாதன் அண்ணன். ஆட்டோ ஓட்டி, விபத்தில் இடுப்பு உடைந்து, தரைத்தளத்தில் நாற்காலியே கதியாக இருப்பவர். "இந்தப் பய ஆசையில பங்கு வருது பாரு."

சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

"ஏன் மேடம், மனுசங்க மேல ஏத்தணும்? அத்த வேற எங்கனா கொட்ட முடியாதா?" என்று கேட்டாள் ஜான்சி. மூன்றாம் மாடி. இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை.

"முடியலைம்மா. மனுஷ நரம்புல மட்டும்தான் அது அடங்குது. மெஷின்ல நிக்க மாட்டேங்குது."

"எங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

"சாயங்காலம் ஒரு டீ குடிச்சா தேவலைன்னு தோணுமில்ல. அவ்வளவுதான் முப்பதுல ஒரு பங்கு."

டீ என்றதும் எல்லோருக்கும் தைரியம் வந்தது. வாசலில் இட்லிக் கடை போடும் தனபாக்கியம் அக்கா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "பேரு, கைரேகை, கண்ணு, ஒண்ணும் குடுக்க மாட்டோம். குடுத்துக் குடுத்துத்தான் இங்க வந்து கெடக்கறோம்." மேடம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பட்டைகளுக்கு உடம்புச் சூடும் நாடித்துடிப்பும் போதும் என்று ஆனது. யாருடைய நாடி என்று அவை கேட்காது. நூற்றெண்பது நாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஐந்து பட்டைகள் அணைந்தால் இல்லத்தின் வண்டி வரும்.

அமுலு பட்டை கட்டக் கூடாது. பெற்றவர்கள் தாங்கினால் அது மகனுக்கே குற்ற உணர்ச்சியாகத் திரும்புமாம். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். யார் காலிலும் விழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு வந்தபோது நான் தலையை ஆட்டினேன்.

*

பட்டைகள் விரல் அகலத்தில் வெள்ளையாக, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதுபோல் இருந்தன. அவை பிளாக்கை விட்டு நூறு அடி தள்ளினால் வேலை செய்யாது. இதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் காலை நாலரை மணிக்கே முப்பது பேரில் இருபத்தாறு பேர் பஸ் ஏறியாக வேண்டும்.

முதல் நாள் என் கதவுத் தாழ்ப்பாளில் ஐந்து பட்டைகள் தொங்கின.

"யுவராணிக்கா, நீ ஊட்லதான இருக்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னது யார் என்றுகூடத் தெரியவில்லை. நான் ரவிக்கைகளுக்கு ஊக்கு தைக்கிறவள். மூட்டையாக வந்து இறங்கும், மூட்டையாகப் போகும். நாற்பத்தொரு வயது. தனியாள். வீட்டில்தான் இருக்கிறேன்.

பகலில் பிளாக்கில் இருந்த பெரியவர்கள் நாலு பேர். நான், ஜான்சி, லோகநாதன் அண்ணன், தனபாக்கியம் அக்கா. ஒரு வாரம் ஆளுக்கு ஏழு, எட்டு என்று கட்டிக்கொண்டோம். அது இட்லி ஊற்றுகிற கையையும் ஊக்கு தைக்கிற கையையும் தினமும் தொந்தரவு செய்தது. தனபாக்கியம் அக்காதான் சொன்னார்.

"எல்லாரும் எல்லா நாளும் இன்னாத்துக்கு அவதிப்படணும்? மொறை வெச்சுக்குவோம். ஒரு நாளு ஒரு ஆளு முப்பதையும் கட்டிக்கினா, மீதி மூணு நாளு நிம்மதி."

எங்களுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. லாரித் தண்ணீர் முறை, படிக்கட்டு கழுவும் முறை, மோட்டார் போடும் முறை என்று எட்டாம் பிளாக்கில் எல்லாமே முறைதான். எல்லோரும் சேர்ந்து எதையும் தூக்கிப் பழக்கமில்லை. ஒருவர் முழுதாகத் தூக்குவார், பிறகு அடுத்தவர். படிக்கட்டுச் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்த அட்டவணையில் தண்ணீர், படிக்கட்டு என்ற தலைப்புகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக 'ரூபன்' என்று எழுதி, கீழே எங்கள் நாலு பேரின் பெயர்களையும் கிழமைவாரியாகப் போட்டார்கள்.

அப்போது என் வாயில் அந்த வாக்கியம் இருந்தது. இரண்டாவது கட்டவே கூடாது. நான் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை நாள் யோசித்ததில் கிடைத்த பதில் இதுதான். அந்த வாரம்தான் ஏரிமுனைக்கு வந்த பிறகு முதன்முறையாக, என் கதவைத் தட்டியவர்கள் என் பெயரைச் சொல்லித் தட்டினார்கள்.

*

முதல் செவ்வாய்க்கிழமை முப்பதையும் கட்டிக்கொண்டேன். கைகளில் பத்துப் பத்து, கணுக்காலுக்கு மேல் ஐந்தைந்து. நைட்டிக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு மூடிக்கொண்டேன்.

காலை பத்தரை இருக்கும். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விடுகிற நேரம். பட்டை எட்டும் தூரம் நூறு அடிதான் என்றாலும் ரூபனின் சில்லு பள்ளிக்கூடத்திலிருந்தும் பிளாக்குக்கு அனுப்பும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நாக்குக்கு அடியில் ஒரு குளிர்ச்சி ஊறியது. மழையில் நனைந்த ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தாற்போல் இரும்பும் ஈரமும். அந்த இடத்தில் ஏதோ இருந்து எடுக்கப்பட்டுவிட்டது, அது திரும்ப வந்தால்தான் வாயை மூட முடியும் என்று இருந்தது. பிறகு அது வாயிலிருந்து இறங்கி மார்புக்கு வந்தது. எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். கதவுவரை போனேன். எங்கே போவது? நான் சாப்பிடாத ஒன்றை நான் எங்கே போய்த் தேடுவது? சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஊசியைப் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நின்றேன்.

வலி என்று இதைச் சொல்ல முடியாது. வலியில் நான் பழகியவள். இது வேறு. கல்யாண வாழ்க்கை எட்டு வருஷம், அவர் விட்டுப்போய்ப் பன்னிரண்டு வருஷம். இந்த இருபது வருஷத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. பசித்தால் சாப்பிட்டேன், தூக்கம் வந்தால் படுத்தேன். வேண்டும் என்று உடம்பு முழுவதும் எழுந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. முதல் நாள் அதை வெறுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே பின்னல் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ரூபன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கீழே கேரம் ஆடினான். மேலிருந்து பார்ப்பேன். காய் விழுந்தால் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு. அவன் அப்படி லேசாக இருப்பதற்கான கனம் என்னிடம் இருந்தது.

இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே தனபாக்கியம் அக்கா ஒருநாள் கேட்டார்.

"இன்னாடி மூஞ்சி இப்பிடி வத்திப்போச்சு? அந்தப் பையன் உனக்கு இன்னா மொறை வேணும், இப்பிடிக் கெடந்து அல்லாடுற?"

"செவ்வாக்கெழம மொறை" என்றேன்.

அக்கா தட்டை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றும் வாய் திறந்தபடியே இருந்தது. "எனக்கு வெள்ளிக்கெழம" என்றார் மெதுவாக. "வியாயக்கெழம சாயங்காலமே கை நடுங்குதுடி."

*

ஜான்சிக்கு மூன்று முறைதான் ஆனது.

மூன்றாவது முறை, புதன்கிழமை, மூன்றாம் மாடியில் குழந்தை அழும் சத்தம் நிற்கவே இல்லை. பால் தீயும் நாற்றமும் வந்தது. போய்க் கதவைத் தள்ளினேன். அடுப்பில் பாத்திரம் கறுத்திருந்தது. குழந்தை பாயில் சிவந்து போய் வீறிட்டுக்கொண்டிருக்க, ஜான்சி இரண்டடி தள்ளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்தேன். குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் கை அதைப் பிடிக்கவில்லை.

"ஜான்சி."

"காதுல உழுதுக்கா" என்றாள். "அழுவுறது நல்லாவே காதுல உழுது. ஆனா அது எனக்கு வேணுங்கறது இல்ல."

நான் அங்கேயே அவள் கைகளிலும் கால்களிலும் இருந்த முப்பது பட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என்மேல் கட்டிக்கொண்டேன். கடைசிப் பட்டை வந்ததும் அவள் முகத்தில் ஏதோ திரும்பி வந்தது. குழந்தையை அள்ளி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இனிமே உனக்கு மொறை கெடையாது. புதனும் எனக்கே" என்றேன்.

"உனக்கு இன்னாவாவும்க்கா?"

"எனக்கு இன்னா, புள்ளையா குட்டியா."

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு எல்லாமாக இருந்தது. அது உண்மை. புதன்கிழமையும் கிடைத்தது என்று என் நாக்கு சந்தோஷப்பட்டதும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எழுபதாவது நாள் லோகநாதன் அண்ணனைத் தங்கை வந்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "நாக்காலிய உட்டு எந்திரிக்க முடியாதவன் நான். எங்கியோ போவணும், போவணும்னே இருக்குது. எங்கன்னுதான் தெரில. நீயும் தள்ளி இரும்மா" என்றார். அவருடைய திங்கள், வியாழனும் என்னிடம் வந்தன. நூறாவது நாளில் தனபாக்கியம் அக்கா வெள்ளி மட்டும் வைத்துக்கொண்டார். சாக்கட்டி அட்டவணையில் ரூபன் என்ற தலைப்புக்குக் கீழே என் பெயரே வரிசையாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டி இறங்குவார்கள், ஏறுவார்கள். எனக்குக் குழம்பு கொடுத்தனுப்புவார்கள். யாரும் பட்டையைத் திரும்பக் கேட்கவில்லை.

*

ரூபன் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா, என்னுது எல்லாத்தையும் நீதான் தூக்குறியாமே. அம்மா சொல்லி அழுவுது."

"உள்ள வா. டீ போடறேன்."

"ஒரு நாளு நான் எடுத்துக்கறேன்க்கா. குடு."

"உன்னுத உன்கிட்டயே குடுத்தா நான் எதுக்கு, மேடம் எதுக்கு?"

உள்ளே வந்து ரவிக்கை மூட்டைமேல் உட்கார்ந்தான். மீசை அரும்பியிருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான். "எப்பிடி இருக்கும்க்கா உனக்கு?"

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் ஒருவனுக்குத்தானே தெரியும் என்று நினைத்தேன். நாக்குக்கு அடியில் வருகிற இரும்பை, மார்பு எழுந்து நிற்பதை, கதவுவரை போய்த் திரும்புவதை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"எனக்கு அவ்ளோ இருந்ததே இல்லக்கா" என்றான்.

"இன்னா?"

"சத்தியமா. பசங்ககூட மொட்டமாடியில ஒக்காந்து போடுவோம். எவனாவது ஜோக்கடிப்பான். ஜாலியா இருக்கும். இல்லாட்டி கொஞ்சம் கடுப்பா இருக்கும், அவ்ளோதான். நீ சொல்றது…" அவன் எழுந்துவிட்டான். "நீ சொல்றது வேற எதோ."

போகும்போது டீயைக் குடிக்காமலே போனான். அவன் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விதை அவனுடையதாக இருக்கலாம். அவனிடம் அது விழுந்த இடத்தில் நண்பர்களும் கேரமும் பரீட்சையும் அம்மாவும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வளர இடமில்லை. என்னிடம் அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருந்தது.

*

நூற்றிருபதாவது நாள் இன்பமலர் மேடம் வந்தார். கையில் இருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். முப்பது பச்சைப் புள்ளிகள்.

"ஒரு நாள்கூட ஒண்ணும் அணையலை. இருபது பிளாக்லயும் உங்க பிளாக்தான் முதல். எல்லா இடத்துலயும் எட்டாம் பிளாக்கைப் பாருங்கன்னு சொல்றேன். அப்படி என்ன ஒற்றுமை உங்களுக்குள்ள!"

ஏப்ரல் மாத வெயில். நான் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை போட்டிருந்தேன். டீ டம்ளரை நீட்டினேன். கை நீண்டதில் சட்டைக்கை இரண்டங்குலம் மேலே ஏறியது. நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நாலு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

மேடத்தின் கண்கள் அங்கே வந்தன. நின்றன. அவர் எண்ணியிருக்க வேண்டும். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "வெயில் ரொம்ப அதிகமா இருக்கு இந்த வருஷம்" என்றார்.

அவர் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடும். சொன்னால் அன்று சாயங்காலமே இல்லத்தின் வண்டி வரும். ரூபனுக்குப் பரீட்சை இன்னும் நாலு நாளில் முடிகிறது. இதெல்லாம் சரியான காரணங்கள். சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"உங்களுக்கு எதாவது சிரமம் இருக்காம்மா?"

"இல்ல மேடம். டீ குடிச்சா தேவலைன்னு தோணும். அவ்ளோதான்."

அவர் டீயை வேகமாகக் குடித்துவிட்டுப் போனார்.

*

நூற்றெண்பதாவது நாள் வாசலில் ஷாமியானா போட்டார்கள். ரூபனுக்குச் சான்றிதழ் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அமுலு கேசரி கிளறி வீடு வீடாகக் கொடுத்தாள். முப்பது பட்டைகளும் ஒரு தட்டில் வைத்துத் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். காதுக்குப் பின்னால் சிறு பஞ்சு ஒட்டியிருந்த ரூபன் என்னைப் பார்த்தான். வந்து பேசுவான் என்று நினைத்தேன். ஒரு வாரமாகவே அவன் என்னைக் கண்டால் வேறு படி வழியாகப் போய்க்கொண்டிருந்தான். ஐந்தாம் பிளாக்கின் ஜோயலை எல்லோரும் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. கைகளில் பட்டைகள் இருந்த இடம் வெளிறி, நிழல் விழுந்தாற்போல் கிடந்தது. ஊக்கு தைத்தேன். எதுவும் வராத அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, என் மேல் ஒரு பட்டையும் இல்லாதபோது, நாக்குக்கு அடியில் அது வந்தது. அனுப்புவதற்கு யாரும் இல்லை. வகுப்பதற்கு எதுவும் இல்லை. என் உடம்பிலிருந்தே கிளம்பி, என்னிடமே முழுதாக வந்து சேர்ந்தது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன்.

"பட்டை இல்லாம எப்படிம்மா வரும்? மனசுல இருக்கிற ஞாபகமா இருக்கும். போயிடும்."

"ஒரு வாரமா வருது மேடம். எனக்கும் முப்பது பேரு வெச்சுப் பங்கு போட முடியுமா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு காகிதத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் ஒரு குரல் வந்தது. "அது இளைஞர்களுக்கான தடுப்புத் திட்டம். இருபத்தோரு வயசுக்குள்ள இருக்கணும். நீங்க எப்பவாவது மாத்திரை எடுத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"ரத்தத்துல எதுவும் இருக்காது. அப்ப ஆஸ்பத்திரியிலயும் உங்களைச் சேர்க்க முடியாது. எடுக்காதவங்களுக்கு எப்படி வைத்தியம் பண்றது?" பிறகு வேறு குரலில், "என்னை மன்னிச்சிடுங்க யுவராணி" என்றார். அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் அடக்கிப் பார்த்தேன். அதையும் எழுத வேண்டும். கதவை உள்ளே பூட்டிச் சாவியை ஜன்னல் வழியே கீழே எறிந்தேன். அமுலு வந்து எடுத்துத் திறந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்பது மணிக்கு வேலை. போனாள். கிராம்பு மென்றேன். உப்புக்கல்லை ஒதுக்கிக்கொண்டேன். ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தேன். பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் மதியம் சேலை கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பதினொன்றாம் பிளாக்குக்கு எதிரே ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், கிளிப், ஸ்டிக்கர் பொட்டு. அங்கேதான் என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லாவில் இருபது வயதுப் பெண் ஒருத்தி காதில் பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. நான் வளையல்களைத் தொட்டுத் தொட்டு வைத்தேன்.

"இன்னாக்கா வேணும்?"

அந்தக் கேள்வியை யாரோ என்னிடம் கேட்டுவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு மாத்திரை" என்றேன். "பேரு தெரியாது. நாக்குக்கு அடியில…"

"யாருக்கு? பையனுக்கா?"

"எனக்கு."

அவள் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "எட்டாவது பிளாக்கா?" என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வேற யாருன்னாலும் பேர் சொல்லிக் கேப்பாங்க. நீங்கதான் பேரும் தெரியாம, துன்னதும் இல்லாம வந்து, நாக்குக்கு அடியில இரும்பு மாதிரி இருக்குது, அது வேணும்ன்றீங்க." மேசைக்கு அடியில் இழுப்பறையைத் திறந்தாள். "இட்லிக்காரம்மா வந்துச்சு. நடக்க முடியாத ஒருத்தர் ஆட்டோ வெச்சுக்கினு வந்தாரு. நேத்து கைக்குழந்தையோட ஒரு பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"சிவப்பா, ஒல்லியா. கொழந்த வீல் வீல்னு கத்துது, அது பாட்டுக்கு நிக்குது. அஞ்சாறு மாசமா தாங்கினேன், இனிமே முடியாதுன்னுச்சு."

கடையின் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய கிளிப் அட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. ஜான்சிக்கு மூன்று முறைதான் ஆனது. அதன் பிறகு ஒரு புதன்கூட நான் அவளிடம் விடவில்லை.

அந்தப் பெண் சிறு காகிதப் பொட்டலம் ஒன்றைக் கண்ணாடிமேல் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பொண்ணு மறுபடி வந்தா குடுக்காத" என்றேன்.

"சரிக்கா" என்றாள் அவள். எல்லோரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.